வரம்பில்லாத காணியில்



கடந்த விடுமுறையில் நான் அக்கரைப்பற்றுக்கு வந்திருந்தபோது, ஒரு பின்நேரம் ராத்தா வீட்டு விறாந்தையில் எல்லோரும் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் எங்கள் வீட்டில் மானிறைச்சி சமைப்பது பற்றிப் பேச்சு வந்தது. பேச்சோடு பேச்சாக, இவர் வேட்டைக்குப் போகும்போது கையில் கொண்டுபோகும் ஜீ.பீ.எஸ். கருவியைத் தெரிவு செய்து வாங்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். ராத்தா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடி புள்ள இது! துவக்கத் தூக்கிட்டுப் போறது ஒண்ட மாப்பிள்ள. சாமான் தெரிஞ்செடுக்கிறது நீயா?"

அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டில் பத்துப் பேர் இருக்கும்போது சொல்லக்கூடிய கதையா அது? இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கொலராடோ மாநிலத்தின் வடக்கிலுள்ள போர்ட் கொலின்ஸ் என்ற ஊரில். இவர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர். பிறகு தொழிலும் அங்கேயே அமைந்துவிட்டது. ஹலால் இறைச்சி வாங்குவதென்றால் அந்நாட்களில் தலைநகரான டென்வர் பக்கம் போகவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்தான் வேட்டையை இவருக்கு அறிமுகப்படுத்தினார். அங்கே ஆசைப்பட்டவரெல்லாம் துவக்கோடு காட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. 1949ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். துவக்குடன் மான் வேட்டைக்குப் போகிறவர் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் மேலாடையும் தொப்பியும் அணிய வேண்டும். இவர் எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். வேட்டைப் பிராணியின் ஹலால், ஹராம் பற்றிய சட்டங்களை உலமாக்களிடம் கேட்டுக்கொண்டார். அது அவர்கள் சொல்ல வேண்டியது. அதற்குள் நான் போகவில்லை.

சரி, வேட்டையாடுவது யாருடைய காணியில்? இதைத்தான் நான் முதலில் விளங்கிக்கொள்ளாமல் இருந்தேன்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மத்திய அரசாங்கத்தின் காணி ஏராளம். காணி முகாமைப் பணியகம் என்ற ஒரு திணைக்களத்திடம் மட்டும் ஏறக்குறைய 245 மில்லியன் ஏக்கர் இருக்கிறது. நமது இலங்கை முழுவதையும் போலப் பதினைந்து மடங்கு! வனச் சேவைத் திணைக்களத்திடம் இன்னும் 193 மில்லியன் ஏக்கர். இவை பொதுக் காணிகள். பெரும்பாலானவற்றில் அனுமதிப்பத்திரமுள்ள எவரும் பருவகாலத்தில் வேட்டையாடலாம். யாரிடமும் வாடகை கொடுக்கத் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் காணிகள் ஒரே துண்டாகக் கிடப்பதில்லை. நடுவே தனியார் பண்ணைகள், மாநில அரசின் துண்டுகள், பழைய சுரங்கக்காரருக்குக் கொடுத்த துண்டுகள் என்று கலந்து கிடக்கும்.

என் வாப்பா வயற்காரர். யாருடைய பூமி எங்கே முடிகிறது என்பதை இருட்டிலும் காலால் தடவிச் சொல்லுவார். வரம்பு இருக்கிறதே! கொலராடோ மலையில் வரம்பு கிடையாது. வேலி இருக்கும், ஆனால் அதை நம்ப முடியாது. மாடு போகாமல் தடுக்க வசதியான இடத்தில் போட்ட வேலி அது. எல்லை வேலிக்கு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். பல இடங்களில் வேலியும் இல்லை, பலகையும் இல்லை. "பலகை போடவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுத் தப்பவும் முடியாது. கொலராடோச் சட்டப்படி தனியார் காணியில் வேட்டையாட முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும். பலகை போடுவது காணிக்காரரின் கடமையல்ல. எல்லையை அறிந்திருப்பது வேட்டைக்குப் போகிறவரின் கடமை.

2016ஆம் ஆண்டு இவர் ஒரு கருவி வாங்கினார். அழகென்றால் அழகு. விரலால் தொட்டால் நகரும் பெரிய திரை, வர்ணப் படங்கள், கெமரா, உள்ளேயே பொருத்திய மின்கலம். மகனும் இவரும் சோபாவில் உட்கார்ந்து இரவிரவாக அதை உருட்டிக்கொண்டிருந்தார்கள். விலையைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். ஆனால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆண்களின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதுதான் என் பிழை.

ஒக்டோபர் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை. ஸுப்ஹுக்கு முன்பே இவரும் பதினைந்து வயது மகனும் புறப்பட்டுவிட்டார்கள். ஊருக்கு மேற்கே பூடர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ரூஸ்வெல்ட் தேசிய வனத்துக்குள் போவதாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. அதனால் அழைப்பு வராதது எனக்குப் புதினமில்லை. மஃரிப் ஆயிற்று. இஷாவும் ஆயிற்று. வெளியே பனி கொட்டத் தொடங்கியது. இவருக்குச் சீனி வருத்தம். மருந்துப் பெட்டி சமையலறை மேசையில் கிடந்தது.

இரவு பத்து மணிக்கு அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். அங்கே மலையில் காணாமற் போனவர்களைத் தேடுவது அந்தந்த மாவட்ட ஷெரிப்பின் பொறுப்பு. தேடப் போகிறவர்கள் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை. எதிர்முனையில் பேசிய பெண் அதிகாரி மிகவும் தன்மையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தக் காட்டுப் பாதையில் வாகனத்தை நிறுத்தினார்கள்? அந்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு இலக்கங்கள் உங்களிடம் உண்டா? எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார்கள்? எந்தப் பக்கம் நடப்பதாகச் சொன்னார்கள்?

சகோதரிகளே, என்னிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. "மலைக்கு" என்றேன். இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண், தன் கணவனும் பிள்ளையும் எங்கே என்று கேட்டால் "மலைக்கு" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

அவர்கள் காலை ஏழு மணிக்குப் பிறகு, போன பக்கத்தில் அல்ல, மலையின் அடுத்த பக்கத்தில் தாங்களாகவே இறங்கி வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். இவருடைய இரண்டு விரல் நுனிகள் மாதக்கணக்கில் விறைத்துப்போயிருந்தன, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். மாலை ஐந்து மணியளவில் இவர் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு மானைச் சுட்டிருக்கிறார். அது விழவில்லை, மரங்களுக்குள் ஓடியது. பின்தொடர்ந்து போய், உயிர் இருக்கும்போதே பிடித்து அறுத்திருக்கிறார்கள். திரும்பலாம் என்று கருவியை எடுத்தால் திரை கறுப்பு. காலையில் முக்கால்வாசி மின்சாரம் காட்டிய கருவி, பகல் முழுவதும் குளிரில் வெளிப்பையில் கிடந்து அணைந்துவிட்டது. மாற்றிப் போட வேறு பற்றரி இல்லை. அது பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. வாகனம் நின்ற இடத்தைக் காலையில் கவனமாகக் குறித்து வைத்தார்கள்தான். குறித்தது அந்தக் கருவிக்குள்! ஒரு பெரிய ஊசியிலை மரத்தின் கீழ் நெருப்பு மூட்டி இரவைக் கழித்திருக்கிறார்கள். மகனின் பையில் இருந்த பேரீச்சம்பழம்தான் வாப்பாவைக் காப்பாற்றியது.

விடிந்ததும் இறக்கத்தைப் பிடித்து நடந்தவர்கள் ஒரு பண்ணை வாசலில் வந்து நின்றார்கள். பண்ணைக்காரர் வயதானவர். கோபத்தோடுதான் வந்தாராம். இவர்களுடைய முகங்களைப் பார்த்ததும் முதலில் கோப்பி கொடுத்தார். பிறகு மான் கிடந்த இடத்தைக் கேட்டு, தன்னுடைய கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு இவர்களோடு திரும்பி நடந்தார். கறுத்தப் பொத்தான்கள் வைத்த, விளிம்பெல்லாம் தேய்ந்துபோன பழைய கருவி. அதன் சின்னத் திரையில் ஒரு கோடு. பொதுக் காணிக்கும் அவருடைய காணிக்கும் இடையிலான எல்லை. மான் கிடந்தது கோட்டிலிருந்து முந்நூறு மீற்றர் அளவுக்கு அவருடைய பக்கத்தில்.

சுட்டது பொதுக் காணியில். ஓடி விழுந்தது அடுத்தவர் காணியில். இவர் சென்று அறுத்ததும் அடுத்தவர் காணியில், அவர் அறியாமல். இவருக்கு அந்த இடத்தில் குளிரை விட வெட்கம்தான் அதிகமாம். இறைச்சியில் கை வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். பண்ணைக்காரர், "எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த முறை துவக்கைத் தூக்கும் முன் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்" என்று சொன்னாராம். அந்த வாயால் கேட்ட பிறகுதான் இவர் மானைத் தொட்டார். பிறர் ஹக்கு என்பது எவ்வளவு நுணுக்கமான விடயம் என்று நமக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். அது முந்நூறு மீற்றர் தூரத்தில், ஒரு கோட்டில் இருக்கும் என்று யார் நினைத்தது?

அதன் பிறகுதான் நான் வாய் திறந்தேன். அடுத்த கருவியை நான் பார்க்காமல் வாங்கக் கூடாது என்றேன். இவர் மறுக்கவில்லை.

வாங்குவதற்கு முன் கொஞ்சம் படித்தேன். ஜீ.பீ.எஸ். செய்மதிகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். கையிலுள்ள கருவி குறைந்தது நான்கு செய்மதிகளின் அறிவிப்பைக் கேட்டு, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணிக்கும். அது கேட்கும், பேசாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஜீ.பீ.எஸ். கையில் இருக்கிறதே, எங்கே இருக்கிறார் என்று தெரியாதா?" என்று அந்த இரவு என்னிடம் கேட்காதவர் இல்லை. தெரியாது. சாதாரணக் கருவி தன்னைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே சொல்லும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாந் திகதி வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. நூறு மீற்றர் வரை தவறும். ஜனாதிபதி கிளின்டன் காலத்தில் அதை நிறுத்தினார்கள். இப்போது வெட்டவெளியில் நல்ல கருவியொன்று சில மீற்றருக்குள் சரியாகச் சொல்லும். ஆழமான பள்ளத்தாக்கில், ஈரமரங்களின் அடியில், பாறையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால் பிழை கூடும். இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் புதிய கருவிகள் அப்படியான இடங்களில் மேல்.

ஆனால் துல்லியம் முதற் கேள்வியல்ல என்பது என் கருத்து. கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் பேசுவார்கள். இடத்தைச் சரியாகச் சொல்லி, அது யாருடைய இடம் என்று சொல்லாவிட்டால் என்ன பயன்? பெட்டியோடு வரும் படத்தில் மலையும் ஆறும் பாதையும் இருக்கும். காணி எல்லை பெரும்பாலும் இருக்காது. இவருடைய அழகுக் கருவியிலும் இருக்கவில்லை. அதைத் தனியாக வாங்கிப் போடவேண்டும். மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரில் 2009இல் தொடங்கிய ஒன்எக்ஸ் என்ற நிறுவனம் இந்தக் காணிப் படங்களைச் சிறிய நினைவு அட்டையில் பதித்து விற்றது. அட்டையைக் கருவிக்குள் செருகினால் எல்லைகளும் காணிக்காரர் பெயர்களும் திரையில் வந்துவிடும். ஆகவே நான் கேட்ட முதற் கேள்வி: அட்டை செருக இடம் உண்டா? இல்லையென்றால் கருவியை அப்படியே திருப்பி வைத்தேன்.

அந்தப் படங்களில் நிறங்களுக்கு அர்த்தமுண்டு. காணி முகாமைப் பணியகத்தின் நிலம் மஞ்சள், வனச் சேவையினது பச்சை, மாநிலத்தினது நீலம், தனியாருடையது வெள்ளை என்பது அந்தப் பணியகம் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் வழக்கம். மற்றப் படங்களும் பெரும்பாலும் இதைத் தழுவியே இருக்கும். ஆனால் நீலத்தைக் கண்டவுடன் இறங்கிவிடக் கூடாது. கொலராடோவில் பள்ளிக்கூடங்களின் வருமானத்துக்காக ஒதுக்கிய மாநிலக் காணிகள் எல்லாம் பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல. வேட்டைக்கென்று குத்தகைக்கு எடுத்தவற்றில் மட்டுமே போகலாம். பக்கத்து வயோமிங் மாநிலத்தில் வழக்கம் வேறு. படம் நிறத்தைக் காட்டும், அனுமதி தராது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன் அந்த வருடத்துச் சட்டப் புத்தகத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

வயோமிங்கைச் சொன்னதும் நினைவு வருகிறது. அங்கே தென்பகுதியில் காணி சதுரங்கப் பலகையைப் போலக் கிடக்கிறது. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில் பாதை போட்ட கம்பனிக்குப் பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் கொடுத்தார்கள். அதனால் இன்றும் ஒரு கட்டம் பொது, அடுத்த கட்டம் தனியார். பொதுக் கட்டத்திலிருந்து மூலைவிட்டமாக அடுத்த பொதுக் கட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், நான்கு கட்டங்கள் கூடும் அந்த ஒரு புள்ளியைத் தாண்ட வேண்டும். 2021இல் மிசூரி மாநிலத்து வேட்டைக்காரர் நால்வர் எல்க் மவுண்டன் என்ற மலையில் ஓர் இரும்பு ஏணியை அந்தப் புள்ளிக்கு மேலால் வைத்து ஏறி இறங்கினார்கள். தனியார் மண்ணில் கால் படவேயில்லை. ஆனாலும் பண்ணைக்காரர் வழக்குப் போட்டார். குற்றவியல் வழக்கில் 2022இல் ஜூரிகள் விடுவித்தார்கள். நட்டஈட்டு வழக்கு மேல்நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் வேட்டைக்காரருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் உயர்நீதிமன்றம் அதைத் திரும்ப விசாரிக்க மறுத்துவிட்டது. அந்த மேல்நீதிமன்றத்தின் அதிகாரம் வயோமிங், கொலராடோ உட்பட ஆறு மாநிலங்களில்தான். மற்ற இடங்களில் இதே காலடிக்கு என்ன விலை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அந்த நால்வரும் மூலையைக் கருவியை மட்டும் நம்பிக் கடக்கவில்லை. நில அளவையாளர் மூலையில் பதித்துவைத்த உலோகக் குறியைத் தேடிப் பிடித்துத்தான் ஏணியை வைத்தார்கள். சில மீற்றர் பிழை காட்டுக்குள் ஒன்றுமில்லை. மூலையில் அதுதான் எல்லாம்.

இனிக் கடைக்கு வருவோம். நான் என் தடித்த பனிக்காலக் கையுறைகளை எடுத்துக்கொண்டு போனேன். கருவிகளை மேசையில் அடுக்கச் சொல்லி, கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்தேன். நிற்கும் இடத்தைக் குறிக்க எத்தனை அழுத்தல்? குறித்த இடத்துக்குத் திரும்பும் வழியைக் காட்ட எத்தனை? அங்கே வேலை செய்த பையன் முதலில் சிரித்தான். தொடுதிரைகள் என் கையுறைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாததைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தானும் ஒரு கையுறையை மாட்டிப் பார்த்தான். தொடுதிரை கூடாது என்று சொல்ல வரவில்லை. கோடை நடைக்கு அதுவே வசதி. பனியில், நடுங்கும் கையோடு நிற்பவருக்குப் பொத்தான்தான் நல்லது.

அடுத்தது பற்றரி. நமது சின்ன ரோச் லைட்டுக்குப் போடும் 'ஏஏ' அளவுப் பற்றரி இரண்டு போடும் கருவியாகப் பார்த்தேன். எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கலாம், பனியில் நின்றுகொண்டே மாற்றலாம். சாதாரண அல்கலைன் பற்றரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். லிதியம் பற்றரி கடுங்குளிரையும் தாங்கும். விலை கூட, ஆனால் இதில் சிக்கனம் வேண்டாம். மாற்றுச் சோடி உட்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு இருக்க வேண்டும். கருவியும் அப்படியே.

திசைகாட்டியையும் கேட்டேன். மலிவான கருவிகள் நடக்கும்போது மட்டும்தான் திசை காட்டும். நின்றால் அம்பு எங்கெங்கோ திரும்பும். கார்மின் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த ஈட்ரெக்ஸ் கருவிகள் இரண்டில் 22எக்ஸ் இப்படித்தான். 32எக்ஸ் இல் உள்ளேயே திசைகாட்டி உண்டு. இரண்டும் ஏறக்குறைய 25 மணிநேரம் ஓடும் என்று சொல்லப்பட்டவை, இரண்டிலும் அட்டை செருக இடமுண்டு. முக்கிய வித்தியாசம் அந்த ஒரு விடயத்திலும் உயரம் காட்டுவதிலும்தான். இருட்டில் நின்ற இடத்தில் நின்றுகொண்டு "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறவருக்கு அது சின்ன வித்தியாசமா? 2017இல் நாங்கள் வாங்கியது அதே நிறுவனத்தின் ஜீபீஎஸ்மாப் 64எஸ். பெரிய அழகில்லை. மேலே தடித்த விரலைப் போல அன்ரனா நீட்டிக்கொண்டிருக்கும். மகனுக்குப் பிடிக்கவே இல்லை. பண்ணைக்காரரின் பழைய கருவியைப் போல இருந்தது. அதனால்தானோ என்னவோ எனக்குப் பிடித்துவிட்டது.

மிச்சமிருந்தது என்னுடைய பிரச்சினை. கருவி இவரிடம் பேசும், என்னிடம் யார் பேசுவது? இரண்டு வருடம் கழித்து, செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறிய கருவியொன்றையும் சேர்த்து வாங்கினோம். மாதச் சந்தா உண்டு. வேட்டைப் பருவத்துக்கு முன் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது என் வேலை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என் கைத்தொலைபேசியில் ஒரு புள்ளி விழும். ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான் உண்டு. முதல் வருடம் புள்ளி இரண்டு மணிநேரம் அசையவேயில்லை. நான் யாஸீன் ஓதத் தொடங்கிவிட்டேன். பார்த்தால், வாப்பாவும் மகனும் மானை உரித்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்! இப்போது "வேலையில் இருக்கிறோம்" என்று ஓர் ஆயத்தச் செய்தி வைத்திருக்கிறோம்.

இப்போது இருபது தாண்டிய மகன் இதையெல்லாம் பழைய கதை என்கிறான். கைத்தொலைபேசியிலேயே ஜீ.பீ.எஸ். உண்டு, ஒன்எக்ஸ் படமும் உண்டு, சில தொலைபேசிகள் 2022இலிருந்து செய்மதி வழியே அவசரச் செய்தியும் அனுப்புகின்றன என்கிறான். உண்மைதான். தொலைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் அதன் ஜீ.பீ.எஸ். வேலை செய்யும், படத்தை வீட்டில் வைத்தே இறக்கி வைத்திருந்தால். பலர் இன்று அதோடுதான் போகிறார்கள். நான் அவனிடம் ஒன்றுதான் சொன்னேன்: தொலைபேசியைக் கொண்டுபோ, கருவியையும் கொண்டுபோ, கடதாசிப் படமும் சாதாரணத் திசைகாட்டியும் பையின் அடியில் கிடக்கட்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொண்டுபோகிறான்.

கருவி வாங்கிய முதல் வாரம் மூவரும் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பழகினோம். வாகனம் நிறுத்தும் இடத்தை முதலில் குறிப்பது. சுட்டவுடன், ஓர் அடி எடுத்து வைக்கும் முன், நின்ற இடத்தைக் குறிப்பது. மானைக் கடைசியாகக் கண்ட இடத்தையும் குறிப்பது. மான் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடினால் அங்கேயே நின்று, காணிக்காரரிடம் அனுமதி கேட்கப் போவது. இலக்கங்களை வாசிக்கவும் கற்றுக்கொண்டேன். பாகையும் கலையுமாகச் சொல்வது ஒரு முறை, பாகையைத் தசமத்தில் சொல்வது இன்னொரு முறை. இவர் ஒரு முறையிலும் நான் வேறு முறையிலும் வாசித்தால் தேடுகிறவர்கள் வேறெங்கோ போவார்கள். பழைய கடதாசிப் படங்கள் சில 1927ஆம் ஆண்டு அளவீட்டின்படி வரைந்தவை. கருவி வேறு அளவீட்டில் இருந்தால் இடம் பல பத்து மீற்றர் விலகும். எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றி வைத்தோம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இப்போது ஒரு கடதாசி தொங்கும். வாகனம் நிற்கும் இடத்தின் இலக்கங்கள், வாகன இலக்கம், நடக்கப்போகும் பக்கம், மருந்து எடுத்தாயிற்றா, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் நான் ஷெரிப்புக்கு அழைக்க வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அந்த இரவு இது மட்டும் இருந்திருந்தால் போதும்.

இதையெல்லாம் நான் ராத்தாவிடம் தனியாக ஒரு நாள் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டிருந்த மச்சானுக்கு, அதாவது ராத்தாவின் மாப்பிள்ளைக்கு, உற்சாகம் பிறந்துவிட்டது. எங்கள் வாப்பாவின் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் இடையே வரம்பு ஒவ்வொரு போகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்று அவருக்கு நெடுநாள் மனத்தாங்கல். "அப்ப ஒண்ட அந்த மிசினால நம்மட வரம்பப் புடிச்சிரலாமே புள்ள!" என்று என்னை மறுநாள் காலையிலேயே வயலுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

கருவி கொலராடோவில், என் கையில் இருந்தது தொலைபேசி மட்டும். வரம்பின் மேல் நின்று பார்த்தேன். நீலப் புள்ளி எங்கள் வயலில் நின்றது. அசையாமல் நின்றேன். சற்று நேரத்தில் அது தானாக நகர்ந்து பக்கத்து வயலுக்குள் போயிற்று. மச்சான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரம்பு ஒன்றரை அடி அகலம், இதன் பிழை அதைப்போல பத்து மடங்கு என்று விளங்கப்படுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் மூலைக்கு நடந்தார். சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி, அந்தக் காலத்தில் நில அளவையாளர் நட்ட கல்லின் தலையைத் தொட்டுக் காட்டினார்.